"பிள்ளை எழுதினதை எங்களுக்குக் காட்டுவீங்களா?": மாணவர் சுகாதார ஆய்வுகள் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் தமிழ்மொழிப் பாடசாலைகளில் நடக்கும் மாணவர் சுகாதார ஆய்வுகளுக்கு வினாக்கொத்தைத் தமிழாக்குவதும், அதை வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொடுத்து வாங்குவதும் என் வேலை. ஆய்வாளர் என்று என்னைச் சொல்ல மாட்டேன். ஆய்வாளருக்கும் வகுப்பறைக்கும் நடுவே நிற்கிற ஆள், அவ்வளவுதான். வினாக்கொத்து கொடுக்கும் முன் பெற்றோர் கூட்டம் ஒன்று வைப்போம். வெள்ளவத்தையில் கேட்ட கேள்வியைத்தான் கொட்டாஞ்சேனையிலும் கேட்கிறார்கள், பேச்சு மட்டும்தான் வேறு. ஒவ்வொரு முறையும் தொண்டை வற்றச் சொல்வதை இம்முறை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

"கட்டிளமைப் பருவம் எண்டு சொல்லுறீங்கள். அது எத்தனை வயசில தொடங்குது?"

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வரை. பத்து வயதா என்று நினைக்க வேண்டாம். உடம்பில் மாற்றம் அந்த வயதை ஒட்டித்தான் ஆரம்பிக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற பிள்ளை ஏற்கெனவே வாசற்படியில் நிற்கிறது. பாடசாலைகளில் நாங்கள் சந்திப்பது பெரும்பாலும் 13 முதல் 17 வரையானவர்களை.

"என்ன ஆராய்ச்சி இது? ரத்தம் எடுப்பீங்களோ?"

இல்லை. பென்சில், தாள், ஒரு பாடவேளை. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து உருவாக்கிய மாணவர் சுகாதார ஆய்வு ஒன்று பல நாடுகளில் நடக்கிறது. இலங்கையில் அது 2008இலும் 2016இலும் நடந்தது. ஐரோப்பாவில் இதே மாதிரி ஒன்று 1980களிலிருந்து நாலு வருடத்துக்கொருமுறை 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தப்படுகிறது. காலைச் சாப்பாடு, பல் துலக்குதல், உடற்பயிற்சி, பகிடிவதை, சிகரெட், மதுபானம், கவலையால் தூக்கம் கெட்டதா என்று கேள்விகள் போகும். நடுவில் வீட்டைப் பற்றியும் வரும். "கடந்த 30 நாட்களில், ஓய்வு நேரத்தில் நீ என்ன செய்கிறாய் என்பதை உன் பெற்றோர் அல்லது பாதுகாவலர் உண்மையாகவே எவ்வளவு தடவை அறிந்திருந்தார்கள்?" என்பது அதில் ஒன்று. இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு திரும்பி வருவேன்.

இந்த ஒரு வரியைத் தமிழாக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தபோது எட்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் கை தூக்கினான். "மிஸ், பாதுகாவலர் எண்டால் எங்கட தொடர்மாடி வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி அங்கிளோ?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு விசாரித்தால், அவன் பெரியம்மா வீட்டில் நின்று படிக்கிறவன். அம்மா அப்பா ஊரில். 'பெற்றோர்' என்ற சொல்லுக்குள் பெரியம்மாவைப் போடலாமா என்று தெரியாமல்தான் அந்தக் கேள்வியில் நின்றிருக்கிறான். இப்போது நாங்கள் "உன்னைப் பார்த்துக்கொள்கிற பெரியவர்கள்" என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துக் கொடுக்கிறோம்.

"எங்கட பிள்ளையிட்ட இதெல்லாம் கேக்க ஆர் உங்களுக்கு அனுமதி தந்தது?"

கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பல்கலைக்கழக மருத்துவ பீடம் போன்ற இடங்களில் இருக்கிற ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு ஆய்வுத் திட்டத்தைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். பிறகு கல்வி அதிகாரிகள், பிறகு அதிபர், பிறகு நீங்கள். கடைசியாக உங்கள் பிள்ளை. நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளை "எனக்கு விருப்பமில்லை" என்றால் விட்டுவிடுவோம். விரும்பாத கேள்வியைத் தாண்டியும் போகலாம். தாளில் பெயரோ சுட்டெண்ணோ எழுதுவதில்லை.

"மாவா, ஐஸ், தற்கொலை எண்டெல்லாம் கேட்டால், தெரியாத பிள்ளைக்கும் தெரிய வைக்கிற மாதிரி இல்லையோ?"

தெரியாதவர்களுக்காக: மாவா புகையிலை கலந்த பாக்கு, ஐஸ் ஒரு போதைப்பொருள். இந்தப் பயத்தை வைத்தே ஒரு சோதனை நடந்திருக்கிறது. நியூயோர்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பாடசாலைகளில் 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைக் கொடுத்தார்கள், மற்றப் பாதிக்குக் கொடுக்கவில்லை. அன்றும், இரண்டு நாள் கழித்தும் பார்த்தால், கேட்கப்பட்டவர்களிடம் மனவருத்தமோ அந்த எண்ணமோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனம் சோர்ந்திருந்த பிள்ளைகளுக்கு யாரோ கேட்டதே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் போல. 2005இல் வெளிவந்த ஆய்வு அது. இன்றுவரை எங்களுக்கு அது பெரிய துணை.

மாவா விஷயத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. எந்தச் சந்தியில், எந்தக் கடையில், என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. இலங்கைச் சட்டப்படி, 2006ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து, 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலையோ மதுவோ விற்கக் கூடாது. இந்தச் சட்டம் தெரிந்த பிள்ளைகள்தான் குறைவு.

"பொய் எழுதினால் என்ன செய்வீங்கள்?"

சிலர் எழுதுவார்கள். வீரம் காட்டுகிறவனைப் பிடிக்க ஒரு தந்திரம் உண்டு. ஐரோப்பியப் பாடசாலை ஆய்வொன்றில் 'ரெலெவின்' என்று உலகத்திலேயே இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதையும் பாவித்தேன் என்று எழுதுகிறவனின் தாளைச் சந்தேகத்தோடு பார்க்கலாம். முன்னுக்கொன்று பின்னுக்கொன்று எழுதியிருந்தாலும் கணினி பிடித்துவிடும்.

எங்கள் ஊரில் இதற்கு எதிர்மாறான சிக்கல்தான் அதிகம்: மறைத்து எழுதுவது. ஒரு பாடசாலையில், வெளியில் நிற்கச் சொல்லியும் கேட்காமல் வகுப்பாசிரியர் வரிசைக்கு நடுவே கைகட்டி நடந்தபடி இருந்தார். நல்ல மனிசன், பிள்ளைகள் குழப்படி செய்யக்கூடாது என்ற எண்ணம். ஒரு பிள்ளை இடக்கையால் தாளை மூடி மூடி எழுதியது. சேர் கிட்ட வந்ததும் அழிறப்பரை எடுத்தது. அந்த வகுப்பின் தாள்கள் எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி வந்தன. நாற்பது பிள்ளைகளில் ஒருவர்கூடக் கோபப்படவில்லையாம், கவலைப்படவில்லையாம். அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அன்று வராத பிள்ளை, பாடசாலையை விட்டே போன பிள்ளை, இவர்கள் எந்தத் தாளிலும் இல்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பற்றின ஆராய்ச்சிதானே? எங்களுக்குப் பொருந்துமோ?"

பெரும்பகுதி அப்படித்தான், மறைக்கத் தேவையில்லை. வளர்ப்பு முறைகளை வகை பிரித்த டயானா பௌம்ரிண்ட் 1960களில் கலிபோர்னியாவில் பார்த்த குடும்பங்கள் ஒரு சிறு வட்டம். கண்டிப்பும் அன்பும் சேர்ந்த வளர்ப்பு, கண்டிப்பு மட்டும், செல்லம் மட்டும் என்று அவர் மூன்றாகப் பிரித்தார். கண்டுகொள்ளாமலே விடுவது என்ற நாலாவதை 1983இல் வேறு இருவர் சேர்த்தார்கள். 1994இல் ரூத் சாவோ என்ற ஆய்வாளர் நல்ல கேள்வியொன்று போட்டார். சீனத் தாய்மார் அந்த வகைகளை அளக்கும் படிவத்தில் 'கண்டிப்பு மட்டும்' பக்கம் விழுகிறார்களே, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களே, எப்படி? அவர்கள் மொழியில் கட்டுப்படுத்துவதற்கும் பராமரிப்பதற்கும் ஒரே சொல் என்றார். நம் வீடுகளில் "கண்டிச்சு வளர்த்த பிள்ளை" என்பது பாராட்டு. ஆங்கிலப் படிவத்துக்கு அது விளங்காது.

உள்ளூர் ஆய்வு இல்லாமல் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பியாஞ்சலி டி சொய்சாவும் உடனாய்வாளர்களும் கொழும்பு மாவட்ட அரச பாடசாலைகளில் 12 வயதுப் பிள்ளைகள் 1,226 பேரிடம் பெற்றோர் அடிப்பது பற்றிக் கேட்டார்கள். ஆனால் அவர்கள் சிங்களம் பேசும் பிள்ளைகள். வடக்கு கிழக்கில் 2008இல் வெளியான ஆய்வொன்று தமிழ்ப் பிள்ளைகள் 296 பேரிடம் போர், சுனாமி, வீட்டு வன்முறை மூன்றையும் சேர்த்துக் கேட்டது. கொழும்புத் தமிழ்ப் பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நாங்கள் உங்கள் கதவைத் தட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

"தாயைப் போல பிள்ளை எண்டுறியள். பிறகு கூட்டாளிமாரால கெட்டான் எண்டுறியள். எது சரி?"

இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. 2005இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தபின் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறாய் என்று பார்ப்பது. தனியே விளையாடும்போது 13 முதல் 16 வயதினர் பெரியவர்களிலிருந்து அவ்வளவு வேறுபடவில்லை. இரண்டு கூட்டாளிகள் பின்னால் நின்று பார்த்தால் போதும், அந்த வயதினர் துணிந்து ஓட்டித் தள்ளுகிறார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் கூட்டாளி நின்றாலும் மாற்றமில்லை. காலி வீதியில் ஒரு மோட்டார்சைக்கிளில் மூன்று பேர் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் "கூட்டாளி கெடுத்தான்" என்பதில் பாதிதான் உண்மை. புகைக்கிறவன் புகைக்கிறவனைத் தேடிப் போகிறான், போனபின் இருவரும் இன்னும் அதிகமாகப் புகைக்கிறார்கள். தேடிப் போவதும் பழக்கமாவதும் ஏறத்தாழச் சம அளவு என்று 1978இலேயே டெனிஸ் கண்டெல் என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார். உங்கள் மகனைக் கெடுத்ததாக நீங்கள் சொல்லும் பையனின் அம்மாவும் எங்கள் கூட்டத்துக்கு வருகிறார். அவர் சொல்வது உங்கள் மகனின் பெயரை.

அப்போ வீடு? அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய மிகப்பெரிய ஆய்வொன்று 7ஆம் முதல் 12ஆம் ஆண்டு வரையான மாணவர்களை அவர்களது நடுவயது வரை தொடர்கிறது. அதன் முதற்கட்ட முடிவுகள் 1997இல் வந்தன. வீட்டாரோடும் பாடசாலையோடும் ஒட்டுதல் இருப்பதாக உணர்ந்த பிள்ளைகளிடம் மனவேதனை, புகைத்தல், அடிதடி எல்லாம் குறைவு. பெற்றோர் இருவரும் வீட்டில் இருந்தார்களா என்பதைவிட அந்த ஒட்டுதலுக்கே செல்வாக்கு அதிகம்.

"அவன் எங்க போறான், ஆரோட போறான், எல்லாம் எனக்குத் தெரியும். போனையும் பாப்பன். இது போதும்தானே?"

இதற்குத்தான் அந்தக் கேள்வியை ஞாபகத்தில் வைத்திருக்கச் சொன்னேன். பெற்றோருக்குத் தெரிந்திருக்கிற பிள்ளைகள் சிக்கலில் மாட்டுவது குறைவு என்று பல வருடங்களாக ஆய்வுகள் சொல்லிவந்தன. அதைப் பார்த்து எல்லாரும் "கண்காணியுங்கள்" என்றார்கள். 2000ஆம் ஆண்டில் ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர், 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்கள் பெற்றோரையும் வைத்துக்கொண்டு எளிமையான ஒரு கேள்வி கேட்டார்கள்: பெற்றோருக்கு எப்படித் தெரியவந்தது? மூன்று வழிகளைப் பார்த்தார்கள். பெற்றோர் விசாரிப்பது, கட்டுப்பாடு போடுவது, பிள்ளை தானாக வந்து சொல்வது. பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு பிள்ளை தானாகச் சொன்னதால் வந்தது. அடக்கி வைக்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளின் நிலை மோசமாகவும் இருந்தது. இத்தனை காலமும் கண்காணிப்பு என்று அளந்தது, பிள்ளைக்கு வீட்டில் வாய் திறக்க முடிந்ததா என்பதைத்தான்.

பிள்ளை சொல்வதும் சொல்லாததும், முதல் தடவை சொன்னபோது என்ன நடந்தது என்பதில் நிறையத் தங்கியிருக்கிறது. ஒரு பிள்ளை சொன்ன கதை. பெயரும் இடமும் வேண்டாம். நூறாம் இலக்க பஸ்ஸில் ரியூஷன் முடிந்து வரும்போது ஒருவன் உரசிக்கொண்டு நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா பதறிப்போய், "நாளையிலிருந்து வகுப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்றிருக்கிறார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, என் வாயிலும் அதுதான் வந்திருக்கும். ஆனால் பிள்ளை கற்றுக்கொண்டது: சொன்னால் வகுப்புப் போகும். அடுத்த தடவை அவள் சொன்னது சிநேகிதிக்கு.

போனைப் பார்ப்பது பற்றி: 11 வயதில் ஒரு மாதிரி, 16 வயதில் இன்னொரு மாதிரி. ஒளித்துப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால் இரண்டாவது கணக்கொன்று திறப்பார்கள், அதற்கு ஐந்து நிமிடம் போதும். பார்ப்பதாக இருந்தால் சொல்லிவிட்டுப் பாருங்கள். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

"அடிக்காம வளத்தா புள்ள உருப்படுமா மிஸ்? எங்கப்பா அடிச்ச அடியிலதான் நான் மனுசனானேன்."

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு தகப்பன் எழுந்து இதைச் சொல்வார், பின்வரிசை கைதட்டும். அடியாத மாடு படியாது என்று யாராவது எடுத்தும் கொடுப்பார்கள். அடிபட்டு உருப்படாமல் போனவர் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து மைக் பிடிப்பதில்லை என்பதை நான் மெதுவாகச் சொல்வேன். அதற்குக் கைதட்டல் குறைவு.

2016இல் எலிசபெத் கெர்ஷோவும் அன்ட்ரூ குரோகன்-கெய்லரும் ஐம்பது வருட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், ஏறத்தாழ 1,60,000 பிள்ளைகள். காயம் வரும்படி அடித்ததை விட்டுவிட்டு, கையால் சாதாரணமாக அடித்ததை மட்டும் எடுத்தார்கள். அதனால் நடத்தை திருந்தியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மூர்க்கம், மனநலச் சிக்கல், பெற்றோரோடு விரிசல் ஆகியவற்றோடுதான் அது சேர்ந்து வந்தது. குழப்படி கூடின பிள்ளைதானே அடி வாங்கும் என்று கேட்கலாம். அதுவும் உண்மை. ஆனால் பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளிலும் அடிக்குப் பிறகு குழப்படி கூடுவதுதான் தெரிகிறது. மேலே சொன்ன கொழும்பு ஆய்விலும் அடி வாங்குவதற்கும் பிள்ளையின் மனநிலைப் பாதிப்புக்கும் தொடர்பு இருந்தது. பாடசாலையில் பிரம்பு கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றுநிருபம் அனுப்பிவிட்டது. அது எல்லா வகுப்பறைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"எல்லாத்துக்கும் இந்தப் போன்தானே காரணம்?"

"ஓம்" என்று சொன்னால் கூட்டம் சந்தோசமாகக் கலைந்துவிடும். ஆனால் 2019இல் ஏமி ஓர்பனும் அன்ட்ரூ பிரிபில்ஸ்கியும் பிரித்தானியா, அமெரிக்கா இரண்டிலும் சேர்த்து மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இளம் வயதினரின் தரவை அலசினார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் காணும் ஏற்ற இறக்கத்தில் திரைப் பாவனையால் விளக்கக்கூடியது அதிகபட்சம் 0.4 வீதம். அதே தரவில் உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தொடர்பு இருந்தது. இதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எல்லாத் திரையையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது, சமூக ஊடகத்தில் அதிக நேரம் இருக்கும் பெண்பிள்ளைகளைத் தனியே பாருங்கள் என்கிறார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. மிரட்டல், படத்தை வைத்துப் பணம் கேட்பது போன்றவை வேறு விஷயம். அவை குற்றம்.

நான் கவலைப்படுவது தூக்கத்துக்கு. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். போதாததற்கு, இந்த வயதில் உடம்பின் மணிக்கூடே பிந்திப்போகிறது. பத்து மணிக்குப் படுக்கச் சொன்னாலும் நித்திரை வராது. இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஐந்தரைக்கு எழும்பி வான் பிடித்து, பாடசாலை, ஒரு வகுப்பு, இன்னொரு வகுப்பு, எட்டு மணிக்கு வீடு, சாப்பாடு, வீட்டுப்பாடம். தனக்கென்று கிடைக்கும் முதல் நேரம் பதினொரு மணி. அப்போதுதான் போனை எடுக்கிறான். போனைக் குறையுங்கள், சரி. ரியூஷனில் ஒன்றைக் குறைக்கலாமா என்று கேட்டால் மண்டபம் அமைதியாகிவிடுகிறது.

"எல்லாரும் சேந்திருந்து சாப்பிட்டால் பிள்ளை கெட்டுப்போகாதாம். உண்மையோ?"

சேர்ந்து சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிக்கல் குறைவு என்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் சேர்ந்து சாப்பிட நேரமுள்ள வீட்டில் பணக்கஷ்டமும் சண்டையும் குறைவாக இருக்கலாம் அல்லவா? 2012இல் இரண்டு ஆய்வாளர்கள், மேலே சொன்ன அந்தப் பெரிய அமெரிக்க ஆய்வின் தரவிலேயே இதையெல்லாம் கழித்துப் பார்த்தார்கள். சாப்பாட்டின் மகிமை நிறையக் குறைந்துவிட்டது. இரவுக் கடைக்கு வேலைக்குப் போகும் அம்மா இதற்காகக் குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம். வானுக்குக் காத்து நிற்கும் பத்து நிமிடத்திலும் கதைக்கலாம்.

"அவற்ற அப்பா கட்டார்ல. நான் ஒருத்திதான். என்ர பிள்ளை பாழாப் போயிடுமோ?"

கூட்டத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை. எல்லாரும் போனபின், கதிரை அடுக்கும்போது வந்து கேட்பார்கள்.

ஹவாயில் கவாய் என்றொரு தீவு. 1955இல் அங்கே பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னரும் குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல பாரங்களோடு வளர்ந்தவர்கள். அப்படி வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் பெரிய சிக்கல் எதுவும் இல்லாமல், அக்கறையுள்ள, வேலை வெட்டியோடு வாழ்கிற ஆளாக வந்தார். அவர்களில் பலருக்குப் பொதுவாக இருந்தது, தன்னை விட்டுக்கொடுக்காத ஒரு பெரியவர். அது தாயாகவே இருக்க வேண்டும் என்றில்லை. அம்மம்மா, மாமா, ஒரு ரீச்சர், யாராகவும் இருக்கலாம். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் இருக்கிறீர்கள். ஆய்வுகள் சொல்லும் இன்னொன்று, இரண்டு பேர் இருந்து நாளாந்தம் சண்டை பிடிக்கும் வீட்டைவிட ஒருவர் இருக்கும் அமைதியான வீட்டில் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.

"சின்ன வயசில பட்டதெல்லாம் பிறகு வருத்தமா வருமாமே. போரில அலைஞ்ச நாங்கள் வளர்க்கிற பிள்ளையளுக்கு?"

இது அமெரிக்காவில் 1998இல் வெளியான ஆய்விலிருந்து வரும் பேச்சு. சான் டியேகோவில் 9,508 பெரியவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டு எண்ணினார்கள். எண்ணிக்கை கூடக் கூட, குடி, மனச்சோர்வு, இருதய நோய் எல்லாம் கூடின. அது பெருந்தொகையான ஆட்களுக்குப் பொதுவாகப் பொருந்தும் கணக்கு. ஒரு ஆளுக்கு ஜாதகம் சொல்ல அதைப் பாவிக்கக் கூடாது என்று ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். மேலே சொன்ன வடக்கு கிழக்கு ஆய்விலோ, போரை அதிகமாகக் கண்ட வீடுகளிலும் தகப்பன் குடிக்கும் வீடுகளிலும் பிள்ளைக்கு விழும் அடி கூடுதலாக இருந்தது. போர் வீட்டுக்குள் வந்த பாதை அது. அலைந்த அனுபவத்தை அழிக்க முடியாது. கையைக் கட்டுப்படுத்தலாம், குடிக்கு உதவி தேடலாம்.

"குழப்படிகாரரைச் சேத்து ஒரு முகாம் வைச்சு, சிறைச்சாலையையும் ஒருக்காக் காட்டினால் என்ன?"

வேண்டாம். அமெரிக்காவில் 1970களிலிருந்து பையன்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளைக் கொண்டு பயமுறுத்தினார்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால், போனவர்களே போகாதவர்களைவிடக் கூடுதலாகக் குற்றம் செய்திருந்தார்கள். குழப்படிகாரரை ஒரே குழுவாக்கினாலும் இதே கதைதான். ஒருவன் சொல்லும் வீரக்கதைக்கு மற்றவன் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பே பயிற்சியாகிவிடுகிறது. 1999இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். கார் விளையாட்டு ஆய்வையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

"அப்ப எங்கையாவது திருந்தி இருக்கோ, இல்லாட்டி சும்மா கணக்கெடுக்கிறதோ?"

ஐஸ்லாந்தைச் சொல்வார்கள். 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42 வீதம் பேர் கடந்த மாதத்தில் வெறிக்கக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 வீதம். நாளாந்தம் புகைப்பவர்கள் 23 வீதத்திலிருந்து 3 வீதம். பயங்காட்டும் போஸ்டர்களை நம்பாமல், பின்னேரங்களில் விளையாட்டு, இசை என்று பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார்கள், அதற்குக் காசும் கொடுத்தார்கள். பிள்ளைகள் இரவில் வெளியே நிற்கும் நேரத்துக்கு எல்லை வைத்தார்கள். பெற்றோர் ஒருவரோடொருவர் பேசி ஒரே விதிக்கு வந்தார்கள். வருடா வருடம் எங்களைப் போல வினாக்கொத்து கொடுத்து, முடிவைச் சுடச்சுட அந்தந்தப் பாடசாலைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் கடைசி விஷயத்தில் நாங்கள் பின்தங்கிய ஆட்கள், ஒப்புக்கொள்கிறேன்.

அது நாலு இலட்சத்துக்கும் குறைவான ஆட்கள் வாழும் பணக்கார நாடு. அதே காலத்தில் வேறு ஐரோப்பிய நாடுகளிலும் குடி குறைந்தது. ஆகவே முழுப் பெருமையும் திட்டத்துக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் வாகனத் தரிப்பிடத்தில் "இங்கே பந்து விளையாடக் கூடாது" என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஐஸ்லாந்துதான் ஞாபகம் வருகிறது. பலகைக்குக் கீழே நாலு பையன்கள் படியில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளையில ஏதோ மாற்றம் தெரியுது. உங்கட முடிவு வரும் வரைக்கும் இருக்கிறதோ?"

இருக்க வேண்டாம். ஆய்வு உங்கள் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்காது. இரண்டு கிழமைக்கு மேலாகச் சாப்பாடு, நித்திரை, படிப்பு, கூட்டாளிமார் எல்லாவற்றிலிருந்தும் விலகி நின்றால் குடும்ப டொக்டரிடமோ பக்கத்து வைத்தியசாலையிலோ காட்டுங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். சிறுவர் துன்புறுத்தல் என்றால் 1929. சாகிற கதை கதைத்தால் பகிடியாக எடுக்காதீர்கள். நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயத்துக்கு மேலே பதில் சொல்லிவிட்டேன். வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். இந்த நாட்டில் 1995க்குப் பிறகு தற்கொலை பெருமளவு குறைந்ததற்கு முக்கிய காரணம், கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்ததுதான்.

"சரி, எல்லாம் விளங்குது. என்ர பிள்ளை எழுதினதை எனக்கு மட்டும் காட்டுவீங்களோ?"

மாட்டேன். மறுக்க வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பெயரில்லாத நூற்றுக்கணக்கான தாள்களில் எது உங்கள் பிள்ளையுடையது என்று எனக்கே தெரியாது. அப்படி வைத்திருப்பதால்தான் பிள்ளைகள் எழுதுகிறார்கள். சேர் நடந்த அந்த வகுப்பை நினைத்துப் பாருங்கள். நேர்காணலில் ஒரு பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பேசாமல் இருக்க முடியாது. அதையும் பிள்ளையிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவோம்.

தெஹிவளையில் ஒரு அம்மா விடவில்லை. எழுதினது வேண்டாம், வெறுந்தாளையாவது தாங்கோ என்றார். அது இரகசியமில்லை, ஒன்று கொடுத்தேன். தன் மகன் என்ன எழுதியிருப்பான் என்று தானே நிரப்பிப் பார்க்கப் போகிறாராம். மூன்றாம் நாள் இரவு போன் எடுத்தார். காலைச் சாப்பாடு, பல் துலக்குதல் எல்லாம் கடகடவென்று போட்டுவிட்டாராம். "உனக்கு எத்தனை நெருங்கிய நண்பர்கள்?" என்ற இடத்தில் நிற்கிறேன் என்றார். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதைக்கிறார் போல, மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டது. "பொறுங்கோ மிஸ்" என்றுவிட்டு அறைப்பக்கம் குரல் கொடுத்தார்: "தம்பி, ஒருக்கா இஞ்ச வாறியே?"